டோனட் பிளான்ட்டில் முதலில் எதை ருசிக்க வேண்டும்

நியூயார்க்கில் டோனட்டுக்குப் பஞ்சமே இல்லை. தெருமுனைக் காபி வண்டியிலேயே கிடைக்கும். ஆனாலும் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், 379 கிராண்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் டோனட் பிளான்ட் கடைக்கென்று ஒரு காலைப்பொழுதைத் தாராளமாக ஒதுக்கலாம். டெலான்சி–எசெக்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

மார்க் இஸ்ரேல் 1994-ல் இதே வட்டாரத்தில், ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் தொடங்கிய தொழில் இது. தாத்தா ஹெர்மனின் செய்முறையை வைத்து ராத்திரியெல்லாம் போட்டு, விடிந்ததும் சைக்கிளில் கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுத்தார். கிராண்ட் ஸ்ட்ரீட் கடை 2000-ல் வந்தது.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியில் எது வண்ணமாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வெனிலா பீன் கிளேஸ் (சர்க்கரைப் பாகுப் பூச்சு) போட்ட சாதா ஈஸ்ட் டோனட்டை வாங்குங்கள். பழமும் சாக்லேட்டும் மாவின் குறையை மறைத்துவிடும். வெனிலாவில் மறைக்க எதுவும் இல்லை.

வாங்கியதும் கடிக்காமல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டினதுபோல் வெளிறிய பட்டை ஒன்று ஓடும். நன்றாக உப்பிய மாவு காற்றேறி லேசாகி எண்ணெயில் உயரமாக மிதக்கும். இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டாலும் நடுப்பகுதி எண்ணெயைத் தொடாது. அதனால்தான் அந்த இடம் மட்டும் சிவக்காமல் நிற்கிறது. பட்டை அறவே இல்லையென்றால் மாவு போதுமான நேரம் உப்பவில்லை, எண்ணெயில் அமிழ்ந்து வெந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். உள்ளே அடர்த்தியாக, ரொட்டிபோல் இருக்கும். அளவுக்கு மீறி உப்பிவிட்டால் வேறு கதை: எடுத்துப் போடும்போதே காற்று இறங்கி, தோல் சுருங்கி, எண்ணெயைக் குடித்துவிடும்.

அடுத்து, நடுவில் மெதுவாக அழுத்தி விடுங்கள். சரியாக உப்பியது தானாக எழும்பி வரும். பிய்த்தால் சின்னதும் பெரிதுமாகக் காற்றறைகள் தெரிய வேண்டும். கடித்த பிறகு விரலையும் மேலண்ணத்தையும் கவனியுங்கள். ஈஸ்ட் டோனட்டுக்கு எண்ணெய்ச் சூடு 180 முதல் 190 டிகிரி செல்சியஸ், பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். சூடு குறைந்தால் வேக நேரம் கூடும், எண்ணெயும் கூடும். ஆனால் எண்ணெய் அதிகமாக உள்ளே போவது சட்டியில் இருக்கும்போது அல்ல, எடுத்த பிறகு. ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. எடுத்தவுடன் கம்பித்தட்டில் போட்டு வடியவிடும் கடைக்கும், தட்டையான தட்டில் கொட்டும் கடைக்கும் ருசியில் உள்ள வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது. மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டினால் கெட்டிக்கொழுப்பில் பொரித்தது. லேசான கசப்பு வந்தால் எண்ணெய் பழசு.

வெனிலா கிளேஸில் கருப்புப் புள்ளிகள் தெரியும். அவை வெனிலாக் காயின் விதைகள். கிளேஸ் என்பது பொடிச் சர்க்கரையைப் பாலிலோ தண்ணீரிலோ கரைத்த பாகு. டோனட் வெதுவெதுப்பாக இருக்கும்போது முக்கினால் மெல்லிய தோலாகப் படிந்து, கடிக்கும்போது பாதுஷாமேல் பூத்த பாகுபோல் நொறுங்கும். கொதிக்கக் கொதிக்க முக்கினால் வழிந்து ஓடிவிடும். ஆறிப்போனதை முக்கினால் தடியாக உட்கார்ந்து வெறும் இனிப்பாக நிற்கும்.

இரண்டாவதாக, இந்தக் கடையின் சதுர டோனட். சாதாரண ஜாம் டோனட்டில் ஜாம் ஒரே இடத்தில் குளமாகக் கிடக்கும். முதல் இரண்டு கடி வெறும் மாவு, மூன்றாவது கடியில் சட்டையெல்லாம் ஜாம். அதற்கு இவர்கள் கண்ட வழி நடுவில் ஓட்டையுள்ள சதுரம். ஜாமை நாலு பக்கத்துக்குள்ளும் செலுத்திவிடுகிறார்கள். வேர்க்கடலை வெண்ணெய் கிளேஸ் போட்டு உள்ளே பிளாக்பெர்ரி ஜாம் வைத்ததை வாங்கி, ஒரு பக்கத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு காசு அளவுக்கு ஜாம் தெரியும். மூலையில் அறுத்தாலும் அது இருக்க வேண்டும். ஜாம் நீர்த்திருந்தால் சுற்றியுள்ள மாவு ஊதா நிறத்தில் ஊறிக் களியாகியிருக்கும். கெட்டியாகக் காய்ச்சிய ஜாம் தன் எல்லைக்குள் நிற்கும். கடலையின் உப்பும் பிளாக்பெர்ரியின் புளிப்பும் எல்லாக் கடியிலும் சேர்ந்தே வருகின்றன. இந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட இடம் இருக்கிறதென்றால் இதையே சொல்வேன்.

கிரெம் புருலே டோனட் சின்னது. உள்ளே வெனிலா கஸ்டர்ட், மேலே சர்க்கரையைத் தீயில் கருக்கி எடுத்த கண்ணாடி ஓடு. அந்த ஓடு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆகப் பிசுபிசுத்து, பல்லில் ஒட்டும் பாகாகிவிடும். ஆகவே மற்றவற்றோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு வாங்காதீர்கள். மற்றதை முடித்துவிட்டு, திரும்பப் போய் இதை மட்டும் கையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.

கேக் டோனட் வேறு சாதி. ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர்தான். உப்பக் காத்திருக்க வேண்டாம். பிய்த்தால் நார் வராது, உதிரும். இதில் டிரெஸ் லெச்சஸ் பிரபலம்: மூன்று வகைப் பாலில் ஊறும் லத்தீன் அமெரிக்கக் கேக்கை டோனட்டாக்கி, பால் கிரீமை வளையத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பெட்டியில் வாங்கியவற்றில் பிளாக்அவுட் கடைசியில்தான். சாக்லேட் மாவு, உள்ளே சாக்லேட் புட்டிங், மேலே சாக்லேட் கிளேஸ், அதன்மேல் கேக் தூள். புரூக்ளினின் எபிங்கர்ஸ் பேக்கரி செய்துவந்த பிளாக்அவுட் கேக்கின் நினைவு அது. இரண்டாம் உலகப்போர்க் கால இருட்டடிப்பிலிருந்து வந்த பெயர். பேக்கரி 1972-ல் மூடப்பட்டது. இதை முதலில் சாப்பிட்டால் பிறகு எதுவும் நாக்கில் ஏறாது.

இரண்டு பேருக்கு நாலு, அதற்கு மேல் வேண்டாம். ரம்பப்பல் கத்தி ஒன்று இருந்தால் நசுங்காமல் நாலாக அறுக்கலாம். பால் சேர்க்காத காபி, நடுநடுவே தண்ணீர். காலையிலேயே போங்கள், ஈஸ்ட் டோனட்டின் ஆயுள் சில மணி நேரம்தான். முட்டை தவிர்ப்பவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டே வாங்குங்கள், கஸ்டர்ட் வைத்ததைக் குறிப்பாக.

மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகி ஒரே ராத்திரியில் காய்ந்த ரொட்டியாகிவிடும். கிளேஸ் மட்டும் போட்ட ஈஸ்ட் டோனட்டை மூடிவைத்து, மறுநாள் மைக்ரோவேவில் 8 முதல் 10 விநாடி காட்டினால் மெத்தென்று ஆகும். 20 விநாடி வைத்தால் கிளேஸ் உருகி, ஆறியதும் ரப்பராகும். கிரீம், கஸ்டர்ட் வைத்தவற்றுக்கு இந்த வழி கிடையாது. அவற்றை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.