விலை இறங்காத படகுகள்

பழைய படகுத் தரகில் சந்தை மந்தமாகிவிட்டால், வாங்க வருபவரைவிட உரிமையாளரிடம் பேசித்தான் எனக்குத் தொண்டை வறளும். 2020, 2021இல் கொரோனாவோடு பல நாடுகளில் படகுக்கு அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் வட்டி ஏறியது, கூட்டம் கலைந்தது. அன்றைய விலை மட்டும் பலர் மனதில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. "இதே மாடலை நண்பர் என்ன விலைக்கு விற்றார் தெரியுமா?" என்பார்கள். எப்போது விற்றார் என்று கேட்டால் பேச்சு மாறும்.

ஃபைபர் படகில் இன்னொரு சிக்கல், அது லேசில் சாகாது. 1960களில் இருந்து வார்த்துத் தள்ளியவற்றில் நிறைய இன்னும் மிதக்கின்றன, எல்லாம் நம் படகுக்குப் போட்டிதான். அதனால் புது இன்ஜினுக்கும் திசைகாட்டும் கருவிக்கும் செலவழித்ததைக் கூட்டி விலை சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் செலவு படகைச் சீக்கிரம் தள்ளிவிட உதவும், அவ்வளவுதான்.

மந்தமான காலத்தில் வருகிறவர்கள் விவரமானவர்கள், அவசரமும் இல்லாதவர்கள். மேலே அடித்த பாலிஷைப் பார்க்கவே மாட்டார்கள்; தரைப்பலகையைத் தூக்கி, கீழே தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று குனிந்து மோந்து பார்ப்பார்கள். அடுத்து இன்ஜின் மேல் கை வைப்பார்கள். சூடாக இருந்தால் போச்சு, குளிர்ந்திருந்தால் லேசில் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறோம் என்ற சந்தேகம் வந்துவிடும். ஆகவே ஆள் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள் என்பேன். குளிர்ந்த டீசல் இன்ஜின் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு அடங்கினால் கவலையில்லை, நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். மீட்டரில் இன்ஜின் ஓடிய மணிநேரம் குறைவு என்று உரிமையாளர் பெருமைப்படுவதும் எடுபடாது. டீசலுக்கு ஓடுவதைவிடச் சும்மா கிடப்பதுதான் பல நேரம் கெடுதல். பராமரிப்பு ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு நீட்டினால் பேச்சின் தொனியே மாறும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வரும் விலையை உரிமையாளர்கள் "அடிமாட்டு விலை" என்று உதறுவார்கள். விற்காமல் வைத்திருந்தால் படகு கட்டும் இடத்து வாடகை, இன்சூரன்ஸ், அடிப்பக்கப் பெயிண்ட், இதையெல்லாம் அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள் என்பேன். சிலர் எழுதுவார்கள். சிலர் என்னை மாற்றிவிட்டு வேறு தரகரிடம் போவார்கள், போகட்டும்.

விலை படிந்தாலும் சர்வே, அதாவது படகின் நிலையை நிபுணர் சோதிப்பது, பாக்கி இருக்கும். சர்வேயர் சின்னச் சுத்தியலால் படகின் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார். 'டக் டக்' என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் 'பொத்' என்று விழுந்தால் உரிமையாளர் முகத்தைப் பார்க்க முடியாது. உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம், ஃபைபர் அடுக்குகள் ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கலாம். அதற்கு விலை குறைக்கத்தான் வேண்டும். ஆனால் மெத்தை நைந்ததற்கெல்லாம் மறுபடி பேரம் வேண்டாம் என்று வாங்குபவரிடமும் முன்பே சொல்லிவைத்துவிடுவேன், முதல் நாளே உட்கார்ந்து பார்த்த மெத்தைதானே அது.