அப்பச்சியின் காது

பிப்ரவரி 1
கோட்டையூரிலிருந்து சொந்தக்காரர் வந்திருந்தார். (எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா.) அப்பச்சியிடம் கேட்டதற்கெல்லாம் ஆத்தாவே பதில் சொன்னார். அப்பச்சி தலையாட்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் இப்படி எல்லோரும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கும்போது அவர் ஏன் டாக்டரிடம் போகப்போகிறார்? கேட்டால், "எனக்கு நல்லாக் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீக."

பிப்ரவரி 4
அப்பச்சி சொல்வது பொய்யில்லை. வயதான காதில் முதலில் மங்குவது கீச்சு ஒலிகள்தான். ஆ, ஊ எல்லாம் விழும். ச, த, க தேயும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே தெரியாது. போதாததற்கு எங்கள் வீடு வேறு: தரையில் ஆத்தங்குடிக் கல், வழுவழுப்பான சுவர், உயரக் கூரை. வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) பத்துப் பேர் பேசினால் எதிரொலியில் எனக்கே பாதிதான் புரியும்.

கண்புரைக்குத் தானே கிளம்பிப் போனவர், காது என்றதும் "செவிட்டு மெஷினா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கண்ணாடிக்கு இல்லாத வெட்கம்!

பிப்ரவரி 9
இன்று சாப்பிடும்போது தானாகவே சொன்னார். போன கல்யாணத்தில் மொய் எழுதினாராம். தலைப்பெழுத்து 'சா.' என்றதைக் 'கா.' என்று எழுதி, ஒருவர் பணம் இன்னொருவர் பேரில் ஏறிவிட்டதாம். அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் கண்ணைக் காரணம் சொல்கிறார். நாங்கள் டிவி சத்தத்தைச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினோம், அசையவில்லை. மொய் நோட்டு கைவிட்டுப் போனதுதான் உறுத்தியிருக்கிறது. "காரைக்குடியில காதுக்கு யாரு பாக்குறாக?" என்றார்.

பிப்ரவரி 16
காரைக்குடி டாக்டரிடம் போனோம். முதலில் காதில் அழுக்கு எடுத்தார்கள். "அவ்வளவுதானே!" என்று எழுந்துவிட்டார். பிடித்து உட்காரவைத்துச் சோதித்தால், வரைபடத்தில் கோடு வலப்பக்கம், கீச்சு ஒலிகள் இருக்கும் இடத்தில், சரிகிறது. அறுபது தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தச் சிரமம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்வதைக் காட்டினேன். "அப்ப நம்ம செட்டுல யாரு யாரு?" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். காது மெஷின் விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. சரி, அது தனிக் கதை.

மார்ச் 1
மெஷின் வந்தாயிற்று. பாத்திரச் சத்தம், விசிறிச் சத்தம் எல்லாம் மண்டையைக் குடைகிறதாம். மூளை பழக வாரக்கணக்கில் ஆகும், அமைதியான அறையில் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பலர் மெஷினை டிராயரில் போட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

மார்ச் 8
தேவகோட்டைக் கல்யாணத்துக்கு மொய் மேசையை மேளத்திலிருந்து தள்ளிப் போடச் சொல்லிப் போன் செய்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான்.