தொட்டியை ஒட்டுறதா, மாத்துறதா?

கீழ் போர்ஷன் அக்கா மூச்சிரைக்க மேல ஏறி வந்து "உங்க வீட்ல இருந்து எங்க சீலிங்ல மாவு கொட்டுதுங்க"ன்னு சொன்னாங்க, எங்கம்மா உடனே கிச்சனுக்கு ஓடிப் போய் அரிசி மாவு டப்பாவத் திறந்து பார்த்தாங்க, அது பாட்டுக்கு நிறைஞ்சு இருந்துச்சு. நான் கீழ இறங்கிப் போய் நிமிர்ந்து பார்த்தேன். எங்க ஹால்ல ரீஃப் டேங்க், அதாவது கடல் தண்ணில பவளமும் மீனும் வளர்க்கிற தொட்டி, நிக்கிற இடத்துக்கு நேர் கீழ தட்டு சைஸ்ல ஈர வட்டம், ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. அக்கா அதுல கொஞ்சம் சுரண்டி நாக்குல வச்சுப் பார்த்துட்டு "உப்புக் கரிக்குது"ன்னாங்க. வாடகைக்கு இருக்கறவங்கள சீலிங்க டேஸ்ட் பண்ற நிலைமைக்குக் கொண்டு வந்துட்டோமேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இந்த டேங்க் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கொளத்தூர்ல செஞ்சது. நாலு அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம், கணக்குப் போட்டா 255 லிட்டர். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, எனக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியே வந்தது, அதனால இந்த வீட்ல சீனியாரிட்டி பார்த்தா அது என் வீட்டுக்காரருக்கு மேல. உள்ள பெருசா ஒண்ணும் கிடையாது, ஜோவா, மஷ்ரூம், ஒரு லெதர் கோரல்னு கொஞ்சம் மென்பவளம், ரெண்டு க்ளவுன் மீன், ஒரு இறால், அவ்ளோதான். கல்லு மாதிரி இருக்குமே கடினப் பவளம், அது வளர்க்கலையான்னு வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. அதையெல்லாம் 2001லயே வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்தாச்சு, நம்ம மன்னார் வளைகுடால இருந்து ஒரு துண்டு எடுத்தாலும் புலியத் தொட்ட கேஸ் மாதிரிதான். அதைச் சொன்னா "அப்போ இதெல்லாம் என்ன, பிளாஸ்டிக்கா?"ன்னு கேப்பாங்க. சரி விடுங்க.

லீக் இத்தனை நாள் ஏன் தெரியலன்னா, அதுக்குக் காரணம் நான் ஆசையா வாங்கி மாட்டின ஆட்டோ டாப் அப். ரீஃப் டேங்க்ல தண்ணி தினம் ஆவியாகும், தண்ணி மட்டும் போகும், உப்பு உள்ளயே நிக்கும், அதனால வெறும் ஆர்ஓ தண்ணிய ஊத்தி ஈடு கட்டணும், அந்த வேலைய அது பார்த்துக்கும். லீக் ஆகுற தண்ணி உப்பையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகும்ங்கறது அதுக்குத் தெரியாதுல்ல, மட்டம் குறைஞ்சா ஊத்து, அவ்ளோதான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தது. உப்பு அளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வச்சுப் பார்த்தா 1.025ல இருக்க வேண்டியது 1.022க்கு இறங்கிக் கிடக்கு. டார்ச் அடிச்சு ஸ்டாண்டுக்குப் பின்னால எட்டிப் பார்த்தா மூலையில உப்பு வழிஞ்சு குட்டியா ஒரு பனிலிங்கமே உருவாகி இருக்கு. அம்மா பார்த்தா விபூதி வச்சிருப்பாங்க.

சாயந்தரம் ஹால்ல குடும்ப மாநாடு.

எங்கப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரைப் பொறுத்தவரை உலகத்துல எந்தப் பொருளும் கெட்டுப் போகாது, ஓவர்ஹால் பண்ணாமத்தான் கெட்டுப் போகும். "ஐசிஎஃப் கோச்சுக்கு ஆயுசு 25 வருஷம்மா, நடுவுல பிஓஹெச், அதான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவ ஓவர்ஹால், பண்ணிப் பண்ணி ஓட்டுவோம், ஒரு தகரம் ஓட்டையானா கோச்சயே தூக்கிக் கடாசிடுவாங்களா?"ன்னு ஆரம்பிச்சார். என் வீட்டுக்காரர் ஐடி, அவரு வாயால பேச மாட்டார், லேப்டாப்ப திறந்து எக்செல் போட்டுட்டார், முதல் காலம் 'ரிப்பேர்', ரெண்டாவது காலம் 'புதுசு', மூணாவது காலத்துக்குத் தலைப்பே வைக்கல, ஆனா அதுல அஞ்சு அடி டேங்க் விலை இருந்துச்சு. அம்மா மட்டும் தெளிவா இருந்தாங்க. "அத எடுத்துட்டா அந்த இடத்துல ஒன்பது படி கொலு வைக்கலாம்."

மறுநாள் காலைல நாங்க எழுந்திரிக்கறதுக்குள்ள அப்பா ஹார்டுவேர் கடைக்குப் போய் சிலிக்கான் ட்யூபும் கன்னும் வாங்கிட்டு வந்துட்டார். ட்யூப் மேல பாத்ரூம் படம். அதுல பூஞ்சை வராம இருக்க மருந்து கலந்திருக்கும்ப்பா, மீனுக்கு ஆகாதுன்னு சொன்னா, "பூஞ்சை வராதுன்னா நல்லதுதானே"ங்கறார். மீன் டேங்குக்கு எந்த மருந்தும் கலக்காத சுத்தமான சிலிக்கான் வேணும், போடும்போது வினிகர் வாசனை வருமே அந்த ரகம். அதுவும் வெளிய மூலையில பூசி விட்டா நிக்காது. காஞ்சு போன பழைய சிலிக்கான் மேல புது சிலிக்கான் சரியாப் பிடிக்காது, உள்ள இருக்கறதை எல்லாம் பிளேடு வச்சு சுத்தமா சுரண்டி எடுத்துட்டு நாலு பக்கமும் புதுசா ஒட்டணும், அப்புறம் ஒரு வாரம் காய விடணும், அப்புறம் நல்ல தண்ணி ஊத்தி லீக் இருக்கான்னு பார்க்கணும். "அதுவரைக்கும் மீன்லாம்?"னு அம்மா கேட்டாங்க. கொலு கோஷ்டில இருந்து இப்படி ஒரு கேள்வி வரும்னு யாருமே எதிர்பார்க்கல.

இங்க நான் நம்ம ராணியையும் மாப்ளையையும் பத்திச் சொல்லணும். க்ளவுன் மீன்ல பெருசா இருக்கறது பொம்பள, சின்னது ஆம்பள. பெருசு தான் ராணி, டேங்க் அவ ராஜ்ஜியம், கண்ணாடி துடைக்கக் கைய விட்டா கடிப்பா, வலிக்காது, ஆனா அவமானமா இருக்கும். சின்னது அவ பின்னாடியே சுத்தும், அவ முறைச்சா உடம்ப நடுக்கிக் காட்டி சரண்டர் ஆயிடும். எங்கப்பா அதைப் பார்த்துட்டு அதுக்கு 'மாப்ள'ன்னு பேர் வச்சுட்டார். பிரச்சனை என்னன்னா, கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்காரரும் எங்கப்பா வீட்லயேதான் இருக்கார். "மாப்ள சாப்ட்டாரா"ன்னா இவரு, "மாப்ள சாப்ட்டானா"ன்னா மீனு, அப்படித்தான் நாங்க பிரிச்சு வச்சிருக்கோம். ராணி செத்துட்டா அந்த ஆம்பளையே பொம்பளையா மாறிடும்னு நான் ஒரு தடவ விளக்கிச் சொன்னதுல இருந்து அம்மா இவரை ஒரு மாதிரி பாவமாப் பார்க்குறாங்க.

அந்த மாப்ளைக்கும் ராணிக்கும் இடைக்கால வீடு நீல டிரம். பவளம் ஒட்டியிருக்கிற கல்லு ஒரு டிரம், மீன் ஒரு டிரம், ரெண்டுக்கும் தண்ணி ஓடணும், தண்ணியக் குளிர வைக்கிற சில்லரோட ட்யூப் உள்ள போகணும். கத்திரி வெயில்ல எங்க ஹால் 36 டிகிரி, டேங்க் 26 தாண்டக் கூடாது, நடுவுல கரண்ட் போகும். ஒட்டுறதுன்னா இந்தக் கூத்து பத்து நாளுக்குக் கம்மி இல்ல. புதுசுன்னா அவங்க பட்டறையிலயே ஒட்டிக் காய வச்சு கொடுத்துடுவாங்க, டிரம்ல ஒரு பகல் இருந்தாப் போதும். எக்செல்ல இந்த வரி எங்கயுமே இல்ல. ஆனா அதுல இன்னொரு விஷயம் வெளிய வந்துச்சு, மொத்தச் செலவுல கண்ணாடி அஞ்சுல ஒரு பங்கு கூட வரல, சில்லர், லைட்டு, அழுக்கை நுரையாப் பிரிச்செடுக்கிற ஸ்கிம்மர் இதுங்கதான் காசைத் தின்னது, இத்தனை நாளா நாங்க சண்டை போட்டதே இருக்கறதுலயே மலிவான ஐட்டத்துக்கு.

அது தெரிஞ்சதும் வீட்டுக்காரருக்கு மூணாவது காலத்துக்குத் தலைப்பு வைக்கத் தைரியம் வந்துடுச்சு. கண்ணாடிதான் மலிவாச்சே, அஞ்சுக்கு ரெண்டுக்கு ரெண்டு போட்டுடலாமே, தண்ணி அதிகமா இருந்தா உப்பு, சூடு எல்லாம் சட்டுன்னு மாறாது, உனக்கும் ஈஸின்னு நைசாப் பேசினார். தியரி சரிதான். எல்லாப் பக்கமும் அரை அடி, ஒரு அடிதான் கூடுது, ஆனா 255 லிட்டர் 566 லிட்டர் ஆயிடும், தண்ணி மட்டுமே அரை டன்னுக்கு மேல. சாதாரணமா வீட்டுத் தளத்தை சதுர மீட்டருக்கு 200 கிலோன்னுதான் டிசைன் பண்ணுவாங்க. சுவர் ஓரமா, பீம் மேல இருக்கறதால பழைய டேங்க் தப்பிச்சுது. அப்பா ஒண்ணும் பேசல, அவரைக் கையப் பிடிச்சுக் கீழ் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அந்த ஈர வட்டத்தைக் காட்டி "உப்புத் தண்ணி உள்ள இருக்குற கம்பியைத் துரு பிடிக்க வைக்கும் மாப்ள, அதுக்கு மேல அரை டன் வைக்கிறீங்களா?"ன்னு கேட்டார். அக்கா பக்கத்துல நின்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாங்களாம். இவரு மேல வந்து மூணாவது காலத்தை டெலீட் பண்ணிட்டார்.

நடுவுல கல்லுப் பஞ்சாயத்து வேற. பழைய கல்லு முழுக்க ஐப்டேசியா, குட்டி குட்டியா பிரவுன் கலர்ல பனைமரம் மாதிரி இருக்கிற அனிமோன்ங்கிற ஒரு கடல் பிராணி, பிச்சா ஒவ்வொரு துணுக்கும் புதுசா முளைக்கும். அப்பா ஸ்க்ரூ டிரைவர வச்சு நோண்டி எடுக்கறேன்னு ஒண்ண ஒன்பது ஆக்கி வச்சிருந்தார். "எல்லாக் கல்லையும் கொதிக்கிற தண்ணில போட்டு எடுடி, ஒரு பூச்சி நிக்காது"ன்னு அம்மா குக்கரையே எடுத்துட்டாங்க. இதுல மட்டும் நான் உண்மையாவே கத்திட்டேன். ஜோவா குடும்பத்துல சிலதுக்குள்ள பாலிடாக்சின்னு பயங்கரமான விஷம் உண்டு, கல்லோட சேர்த்துக் கொதிக்க வச்சு ஆவிய சுவாசிச்சவங்க குடும்பத்தோட ஆஸ்பத்திரில போய்ப் படுத்த கதையெல்லாம் இருக்கு. மீன் வளர்க்கறவங்க யாராவது இதப் படிச்சா தயவுசெஞ்சு கல்ல வேக வைக்காதீங்க. கல்லைத் தூக்கிப் போடவும் மனசு வரல, அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியா எல்லாம் அதுலதான் குடியிருக்கு, கல்லை ஈரமாவே கொண்டு போனா புது டேங்க் சைக்கிள் ஆக, அதாவது அந்த பாக்டீரியா புதுசா வளர்ந்து செட் ஆக, மாசக் கணக்குல காத்திருக்க வேணாம். பெப்பர்மின்ட் இறால் ரெண்டு வாங்கி விடலாம், அது தின்னாத் தின்னட்டும்னு முடிவாச்சு.

கடைசியா கொளத்தூர்ல டேங்க் செய்றவர வரச் சொல்லி காட்டினோம். அவரு குனிஞ்சு மூலையில ரெண்டு கண்ணாடி சேர்ற இடத்தைப் பார்த்தார், நகத்தால ஒரு தட்டு தட்டினார். "உள் ஓரத்துல மட்டும் போயிருந்தா ஒட்டித் தந்துருவேன் மேடம், இது ஜாயிண்ட்லயே காத்து போயிருக்கு, பிரிச்சுத்தான் ஒட்டணும், கூலியும் கண்ணாடி விலையும் ஒண்ணுதான்." இத்தனை பேர் இத்தனை நாள் பேசினதுக்கு அவரு எடுத்துக்கிட்டது ஒரு டீ குடிக்கிற நேரம். அதே அளவுல புதுசுக்கு ஆர்டர் கொடுத்துட்டோம். அப்பா அந்த டீ கிளாஸை எடுத்துக் கழுவி வைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் பேசல.

மாத்துன அன்னிக்கு எல்லாம் நல்லாத்தான் போச்சு, மணலைக் கிளறுற வரைக்கும். பத்து வருஷ மணலோட அடியில காத்தே போகாம ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்து கருப்பா இருக்கும், அதைத் திரும்பப் போடக் கூடாது, அள்ளி எறியணும். அள்ளினோம். அழுகின முட்டை நாத்தம் படிக்கட்டு வழியா இறங்கி, கீழ் வீட்டு அக்கா சிலிண்டர் லீக்குன்னு மெயினை ஆஃப் பண்ணி, குழந்தையத் தூக்கிட்டு தெருவுக்கு ஓடிட்டாங்க. சீலிங் பூசித் தர்றதோட அந்த மாச வாடகையிலயும் கொஞ்சம் கழிச்சுட்டோம்.

புது மணல், நாலரை கிலோ உப்பு, பழைய தண்ணி பாதி, புதுத் தண்ணி பாதி. ராணி இறங்கின உடனே என் கையக் கடிச்சா, நல்லா இருக்கான்னு அர்த்தம். பழைய டேங்க காயலான் கடைக்குப் போடலாம்னு பார்த்தா காணோம். அப்பா அதை மொட்டை மாடிக்கு ஏத்தி, கண்ணாடி கண்ணாடியாப் பிரிச்சு, இந்தத் தடவை சரியான சிலிக்கானே வாங்கி ஒட்டி, கப்பி மீன் விடப் போறேன், கொசு வராதுங்கறார். பிஓஹெச் முடிஞ்ச தேதியை சாக்பீஸ்ல கண்ணாடி மேல எழுதி வேற வச்சிருக்கார்.

அன்னிக்கு ராத்திரி அப்பா அரக்கோணம் அத்தைக்கு ஃபோன் போட்டு சந்தோஷமா "மாப்ளைக்குப் புது வீடு ரெடி ஆயிடுச்சு, இன்னிக்குக் காலைலதான் குடி போனாங்க"ன்னு சொல்லியிருக்கார். மறுநாள் ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது இவருக்கு ஃபோன் மேல ஃபோன். சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க, ஏன் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடல, எத்தனை ஸ்கொயர் ஃபீட்டுன்னு. ஆறுன்னு சொல்லி வச்சுட்டாராம்.