ஒரே படம், இரண்டு வீடு

கூட வேலை பார்க்கும் பெண் எனக்குத் தங்கை முறை என்று நேற்றுதான் தெரிந்தது. இன்னும் நம்ப முடியவில்லை!

தாத்தாவின் குரூப் போட்டோ ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். பார்த்ததும் போன் பண்ணினாள். "அக்கா, இந்தப் படம் எங்க வீட்டு பீரோவிலயும் இருக்கு!"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஓரங்களில் வெள்ளி பூத்த மினுமினுப்பு, பின்னால் அதே ஸ்டூடியோ முத்திரை. எங்கள் படத்தின் பின்பக்கம் வேறொன்றும் இல்லை. அவர்கள் படத்திலோ வரிசை வரிசையாகப் பென்சிலில் பெயர்கள். என் தாத்தா பெயருக்கு நேராக "அண்ணன்" என்று அவள் தாத்தாவின் கையெழுத்து. அந்த எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

பழைய படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்கேனரில் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) வைத்தால் நல்லது. பெயர் எழுத மென்மையான பென்சிலே போதும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.

அப்பாவும் புதிதாகக் கிடைத்த சித்தப்பாவும் ராத்திரி வெகுநேரம் பேசினார்கள். பின்வரிசையில் பெயர் அழிந்துபோயிருக்கும் அந்த அம்மா யார் என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.