பலேக்காரர் ஒருவரும் எங்கள் ஊர் மத்தளமும்

திருகோணமலையில் நடனம் பழகுகிற பிள்ளைக்கு அடவு கொஞ்சம் சுத்தமாக வந்துவிட்டால் போதும், வீட்டில் பேச்சுத் தொடங்கிவிடும்: யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவமா, சென்னைக்கு அனுப்புவமா? இங்கேயே இருந்து வளரலாம் என்று ஆசிரியை நான் சொன்னால், மாணவி குறைந்துவிடுவாள் என்ற பயத்தில் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். (அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.)

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மௌரோ பிகொன்செத்தி என்ற இத்தாலிய பலே நடன அமைப்பாளர் ஞாபகம் வருவார். 1960இல் ரோமில் பிறந்தவர். ரோம் ஒப்பேராவின் பலேப் பள்ளியில் படித்து, படித்த கையோடு அந்த அரங்கின் குழுவிலேயே சேர்ந்தார். தலைநகரம், பெரிய அரங்கு. எங்கள் வீடுகளில் என்றால் இனி என்ன கவலை என்று கலியாணம் பேசத் தொடங்கியிருப்பார்கள். அவரோ 1980களின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, வடக்கே ரெஜியோ எமிலியாவில் சில வருடங்களுக்கு முன்தான் ஆரம்பித்த ஆத்தெர்பல்லெத்தோ என்ற குழுவுக்குப் போனார். பார்மெசான் சீஸுக்குப் பேர்போன பக்கம் அது. பலேக்கு அல்ல.

ஆனால் அங்கேதான் அமெரிக்க பலேயின் பெரிய நடன அமைப்பாளர் பலன்சீனின் படைப்புகளை ஆடினார். அல்வின் எய்லி, கிளென் டெட்லி, வில்லியம் ஃபோர்சைத் போன்ற பேர்பெற்ற நடன அமைப்பாளர்களோடு வேலை செய்தார். 1990இல் பாக்கின் இசைக்கு முதல் படைப்பைச் செய்தார். சில வருடங்கள் வெளியே சுற்றிவிட்டு 1997இல் அதே குழுவுக்குக் கலை இயக்குநராகத் திரும்பினார். 2002இல் நியூயோர்க் சிட்டி பலே, அதாவது பலன்சீன் உருவாக்கிய அதே குழு, அவரை அழைத்துப் புதிய படைப்புச் செய்வித்தது. 2008இல் எய்லி குழு தன் ஐம்பதாவது ஆண்டுக்கு அவரிடம் ஒரு படைப்பு வாங்கியது. இளம் ஆட்டக்காரராக ரெஜியோ எமிலியாவில் யாருடைய அசைவுகளைப் பழகினாரோ, அவர்களுடைய வீட்டுக்கே பிறகு ஆசிரியராகப் போனார்.

என் பெரியம்மாவின் மகள் அந்த ஊரில்தான் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறா. குழுவின் இருப்பிடத்தைப் பார்த்துவரச் சொன்னேன். பழைய இரும்பு வார்ப்பு ஆலை ஒன்றைத்தான் நடனக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அக்கா வெளியில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினா. "பாக்டரி மாதிரிக் கிடக்குது பிள்ளை, இதுக்குள்ளயா ஆடினம்?" என்று கேட்டா. அதுக்குள்ளதான் அக்கா.

இனி அவருடைய 'கன்டாட்டா' என்ற படைப்புக்கு வருகிறேன். 2001இல் லிஸ்பனின் குல்பென்கியன் பலேக்காகச் செய்தது. அவர் படைப்பில் எது நல்லது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். இசைக்கு ஓர்க்கெஸ்ட்ரா இல்லை. அஸ்ஸுர்த் என்ற தென் இத்தாலியப் பெண்கள் குழு. கையில் அக்கோர்டியனும் எங்கள் கஞ்சிராவைப் போன்ற பெரிய சட்டப் பறைகளும். பாடுவது தாலாட்டு, காதல் பாட்டு, தரந்தெல்லா, பிட்சிக்கா என்ற நாட்டுப்புற ஆட்டப் பாட்டுகள். குரலில் மெருகு இல்லை, தொண்டையைத் திறந்து வயல்வெளிக்குக் கேட்கிற மாதிரிப் பாடுகிறார்கள். பாடுகிறவர்கள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. ஆடுகிறவர்களுக்கு நடுவே நடந்து வருகிறார்கள், முகத்துக்கு நேரே பறையை அடிக்கிறார்கள், அந்த அடிக்குப் பயந்து ஆடுவதுபோல ஆண்கள் துள்ளுகிறார்கள்.

அந்த பிட்சிக்காவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இத்தாலியின் குதிகால் பக்கத்துச் சலெந்தோ ஊர்களில், சிலந்தி கடித்ததாக நம்பப்பட்ட பெண்களைப் பறை அடித்து மணிக்கணக்காக ஆடவிடுவார்களாம், விஷம் இறங்கும்வரை. இதைப் படித்தபோது எனக்குக் கண்ணகி அம்மன் சடங்குதான் கண்முன் வந்தது. பறை முழங்க முழங்க உரு வந்து ஆடுகிற பெண்ணை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஆட்டத்தை என் வகுப்பில் நான் ஒருநாளும் 'நடனம்' என்று சொல்லித் தந்ததில்லை, எனக்கும் யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. பிகொன்செத்தி அந்த மாதிரி ஆட்டத்தைக் கழுவித் துடைத்து பலேயாக்கவில்லை என்பதுதான் விஷயம். பலே பழகிய உடம்புகளைத்தான் கீழே இறக்கினார். எப்போதும் மேலே மேலே போகப் பார்க்கிற முதுகு வளைகிறது, முழங்கால் மடிகிறது, குதிகால் நிலத்தை இடிக்கிறது. முழங்கால் மடித்து நிற்கிற அரைமண்டியில் வளர்ந்த எனக்கு அந்தக் கனம் உடனே விளங்கியது.

2008இல் நியூயோர்க் சிட்டி பலேக்குச் செய்த 'ஓல்த்ரெமாரே' எனக்கு வேறு விதமாகப் பட்டது. கடல் கடந்து போன இத்தாலியக் குடியேறிகள் பற்றியது. பெட்டியும் மூட்டையுமாக ஆட்டக்காரர்கள் மேடையைக் கடந்து போகிறார்கள். துறைமுக ஊர்க்காரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2006இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை போரால் மூடியபின், யாழ்ப்பாணத்துச் சனம் கப்பலில் வந்து இங்கே இறங்கியது. பைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த பயணத்துக்கு பஸ் தேடியது. பெட்டியின் கனத்தால் தோள் ஒரு பக்கம் சாய, மற்றக் கை பிள்ளையைப் பிடித்திருக்கும். அந்த நடையில் ஒரு முழு நாட்டிய நாடகம் இருந்தது. எங்களில் யாரும் செய்யவில்லை. நாங்கள் தசாவதாரம் போட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் புகழ மாட்டேன். 2008இலேயே பேர்லினில் விளாடிமிர் மலாகோவ் என்ற பலே ஆட்டக்காரருக்காக, கரவாஜியோ என்ற ஓவியரைப் பற்றிச் செய்த 'கரவாஜியோ' அழகுதான், வெளிச்சம் ஓவியம் போலவே விழுகிறது, ஆனால் அந்த அழகே எனக்கு அலுத்துவிட்டது. நியூயோர்க் விமர்சகர்கள் சிலர் அவரைக் காய்ச்சி எடுத்தும் இருக்கிறார்கள். பெண்ணுடம்பை இழுத்து முறுக்குவதை அவர் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்தும். 2016இல் மிலானின் லா ஸ்காலா பலேக்கு இயக்குநரானார். உடல்நிலையைக் காரணம் காட்டி அதே ஆண்டு விலகிவிட்டார். நாட்டிலேயே பெரிய நாற்காலி, ஒரு வருடம்கூட இல்லை. ரெஜியோ எமிலியாவில் அவர் பத்து வருடம் இயக்குநராக இருந்தவர்.

இந்த நவராத்திரிக்கு ஒரு சின்ன வேலை செய்யப் பார்க்கிறேன். கூத்துக் களரியில் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் நடுவில் நிற்பார்கள், கூத்தர் சுற்றி ஆடுவார்கள். அப்படியே மூதூர்ப் பக்கத்து மத்தளக்காரர் ஒருவரைப் பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தப்போகிறேன், பென் டிரைவ் பாட்டு இல்லாமல். ஐயா ஒத்திகைக்கு வந்து முதல் அடி அடித்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். ஒரு அம்மா மெதுவாக வந்து, "ரீச்சர், இது சங்கீத சபைச் சோதினைக்கு வருமா?" என்றா.

வராது என்றேன். பிள்ளையை நிற்பாட்டவில்லை, அடுத்த கிழமையும் கூட்டிவந்தா.

யூரியூப்பில் தேடுகிறவர்கள் 'கன்டாட்டா'வில் தொடங்குங்கள், நல்ல ஹெட்போனில். கரவாஜியோ பிறகு.