கிரைண்டர் கம்பெனி வெப்சைட்: வேலைக் குறிப்புகள்

ஜூன் 2, 2025, திங்கள்

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் கம்பெனி. அதன் தளத்தைப் புதிதாகச் செய்யும் வேலை. வீட்டுக்கு டேபிள் டாப் 2 லிட்டர், ஓட்டலுக்குச் சாய்த்து மாவு எடுக்கும் டில்டிங் 5, 10, 20 லிட்டர். பழைய தளத்தில் முகப்பில் ஐந்து படம் மாறி மாறி ஓடுகிறது. விலைப்பட்டியல் பிடிஎஃப்பில் இருக்கிறது. போன் நம்பர் பக்கத்தின் அடியில், அதுவும் படமாக. விரலால் தொட்டால் டயல் ஆகாது.

கலர், லோகோ பேச்செல்லாம் அப்புறம். முதலில் ஆபீஸில் போன் எடுப்பவரிடம் ஒரு வாரத்து அழைப்புகளைக் குறித்து வைக்கச் சொல்ல வேண்டும். யார் என்ன கேட்டார், எந்த ஊர், அவ்வளவு போதும். இந்தத் தொழிலில் வரும் கேள்விகள் பெரும்பாலும் நான்குதான். பெல்ட்டோ குழவிக்கல்லோ தனியாகக் கிடைக்குமா? எங்கள் ஊரில் சர்வீஸ் யார்? எத்தனை பேருக்கு எத்தனை லிட்டர்? ஓட்டல் மெஷின் என்ன விலை, சிங்கிள் பேஸா திரீ பேஸா? நான்குக்கும் வழி முகப்பின் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். நிறுவனர் படமும் வரலாறும் உள்பக்கத்துக்குப் போகும். இதற்கு முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

ஜூன் 4, புதன்

பக்கங்களின் திட்டம். ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் பக்கம், தனி முகவரி. "10 லிட்டர் டில்டிங் கிரைண்டர்" என்று தேடுகிறவர் நேரே அந்தப் பக்கத்தில் இறங்க வேண்டும். பிடிஎஃப்பையும் கூகுள் படிக்கும், ஆனால் அது ஏ4 தாளுக்குச் செய்தது. போன் திரையின் அகலத்துக்கு எழுத்து மடங்காது, இரண்டு விரலால் விரித்து இடமும் வலமும் நகர்த்திப் படிக்க வேண்டும்.

மாடல் பக்க அட்டவணையில் கொள்ளளவு, மோட்டார் வாட், பேஸ், டிரம்மின் எஃகுத் தரம், குழவி எண்ணிக்கை, பெல்ட் எண் இருக்கும். எடையையும் நீள அகல உயரத்தையும் பெரும்பாலான கம்பெனிகள் விட்டுவிடுகின்றன. 20 லிட்டர் மெஷின் சமையலறை வாசலில் நுழையுமா என்பது ஓட்டல்காரருக்கு வாட்டை விடப் பெரிய கேள்வி.

முகப்பில் ஐந்து படம் மாறி மாறி ஓடிய ஸ்லைடரைத் தூக்கியாயிற்று. முதல் படம் மாறுவதற்குள் ஆள் கீழே உருட்டிப் போய்விடுகிறார். மற்ற நான்கும் டேட்டாவை மட்டும் தின்னும்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கோவையில் செய்வதால் மட்டும் அந்தக் குறியீட்டைத் தளத்தில் போட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகக் கம்பெனி பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழைப் பார்க்கும் வரை அந்த இடம் காலி.

ஜூன் 6, வெள்ளி

இன்று முழுக்கத் தமிழ் எழுத்து வேலை. ஆங்கில டெம்ப்ளேட்டை (தயாராகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு) வாங்கித் தமிழை ஊற்றினால் என்னென்ன உடையும் என்பதற்கு இந்த ஒரு நாள் போதும்.

அச்சகத்திலிருந்து வந்த பிரசுரம் பழைய முறையிலான பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. மாற்றியபின் மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும். ஒன்று, பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுவார்கள். வரி முடிவில் இரண்டும் பிரிந்திருந்தால் கொம்பு அநாதையாக, புள்ளிவட்டத்தோடு நிற்கும். இரண்டு, இடையில் வரும் ஆங்கிலத்தையும் கருவி தமிழென்று நினைத்து மாற்றிவிடும். எஸ்எஸ் 304 என்ற எஃகுத் தரக் குறி பொருளில்லாத எழுத்தாகிவிடுகிறது. மூன்று, ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும். திரையில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

தேடலில் இன்னொரு கண்ணி. டீலர் பட்டியலில் பாதிக் கடைகள் "ஸ்ரீ" என்று தொடங்குகின்றன. சில கீபோர்டுகள் அதை ஸகரத்தில் தொடங்கும், சில ஶகரத்தில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், கணினிக்கோ வேறு வேறு எழுத்து. ஒரு விதமாகத் தேடினால் மறுவிதமாக எழுதிய கடைகள் வராது. ஒகரக் குறிக்கும் இதே கதை: ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் சிக்கலுக்கு யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்கும் விதி) போதும். ஸ்ரீக்கு அது உதவாது, தனியாக ஒரு வரி மாற்று விதி எழுத வேண்டும். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஓட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், வோஃப்2 என்ற சுருக்கிய வலை எழுத்துரு வடிவில், நம் சர்வரிலிருந்தே. அளவைக் குறைக்க எழுத்துருவை நறுக்கும்போது யூனிகோட் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்துகள் சேரும்போது எந்த வடிவம் என்று சொல்லும் ஜிசப் அட்டவணையை வீசிவிடும் கருவிகள் இருக்கின்றன. கு, கூ, டி, க்ஷ போன்ற கூட்டு வடிவங்களுக்குத் தனி யூனிகோட் எண் கிடையாது. அவை அந்த அட்டவணை வழியாகத்தான் வரும். அது போனால் உகரமும் ஊகாரமும் எழுத்தை விட்டுத் தனியே விழும். நறுக்கியபின் ககர வரிசை முதல் னகர வரிசை வரை ஒரு சோதனைப் பக்கத்தில் அச்சிட்டுப் பார்ப்பதே வழி. ரூபாய்க் குறியும் அந்தத் துண்டில் இருக்கிறதா பார்க்கவும், விலைக்கு விலை வேறொரு எழுத்துருவில் ₹ நிற்பது அசிங்கம்.

தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு தராவிட்டால் பிரவுசர் தானே பூசித் தடிமனாக்கும். ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். வரி உயரம் ஆங்கிலத்துக்கு 1.5 போதும், தமிழுக்கு 1.7 வைத்தேன். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்து வழிவதை மறைக்கச் சொல்லியிருந்தது டெம்ப்ளேட், "அனுப்பு" என்பதன் உகரம் பாதி அறுந்தது. உயரத்தை எடுத்துவிட்டு, மேலும் கீழும் இடைவெளி மட்டும் கொடுத்தாயிற்று. "சமர்ப்பிக்கவும்" என்ற சொல்லைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம், 360 பிக்சல் அகலத்தில் அது ஒரு சொல் இல்லை, ஒரு சுவர்.

பழைய டேட்டாபேஸில் சில டீலர் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக இருக்கின்றன. தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1 குறிமுறை அட்டவணையில் தமிழைச் சேமித்த வினை. விசித்திர எழுத்துகளாகத் தெரிந்திருந்தால் மீட்டிருக்கலாம். கேள்விக்குறியாகப் பதிந்தது போனது போனதுதான். புதிய அட்டவணை, இணைப்பு இரண்டும் யுடிஎஃப்8எம்பி4, அதாவது யூனிகோட் எழுத்து எல்லாம் அடங்கும் குறிமுறை.

ஜூன் 9, திங்கள்

விசாரணைப் படிவத்தில் பெயர், போன், ஊர், என்ன வேண்டும் என்று நான்கு கட்டம். மின்னஞ்சலுக்கும் ஒரு கட்டம் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. கட்டங்களில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தொட்டவுடன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். போன் நம்பரை மக்கள் +91 போட்டு, 0 போட்டு, நடுவில் இடம் விட்டு, எப்படியும் எழுதுவார்கள். "தவறான எண்" என்று திட்டாமல் வாங்கிக்கொண்டு சர்வரில் சுத்தம் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் மட்டும் எண் 91-ல் தொடங்க வேண்டும். கூட்டல் குறி, முன் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது.

ஜூன் 11, புதன்

படங்கள். முதல் தவணை வாட்ஸ்அப்பில் வந்தது, சுருங்கிப்போய். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னபின் 4000க்கு 3000 பிக்சலில், ஒவ்வொன்றும் சில எம்பி. அப்படியே ஏற்றக் கூடாது. 400, 800, 1200 பிக்சல் அகலங்களில் வெப்பி என்ற சிறிய அளவுப் பட வடிவில் மூன்று பிரதி, தரம் 75. எதை எடுப்பது என்பதைத் திரைக்கு ஏற்ப பிரவுசர் தேர்ந்துகொள்ளும்.

படக் குறியில் அகலமும் உயரமும் எழுதாமல் விட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதிக்கும். "விலை கேட்க" பட்டனைத் தொடப் போனவர் விரல் வேறெதிலோ படும். முகப்பின் பெரிய படத்துக்குத் தாமத ஏற்றம் (திரைக்கு நெருங்கும்போதுதான் படத்தை இறக்குவது) கொடுக்கக் கூடாது. எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடும் பிளகின்கள், முதலில் வர வேண்டியதையே கடைசிக்குத் தள்ளுகின்றன.

எஸ்எஸ் டிரம்மில் படம் எடுத்தவரும் ட்யூப்லைட்டும் தெரிகின்றன. இரண்டு பக்கமும் வெள்ளைத் தெர்மோகோல் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். பின்னணி சுத்த வெள்ளை வேண்டாம், வெள்ளைப் பக்கத்தில் பளபளக்கும் டிரம்மின் விளிம்பு கரைந்துவிடும். இளம் சாம்பல் சரி.

ஜூன் 13, வெள்ளி

வேகம். கூகுள் வைத்த அளவுகோல் மூன்று: பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கு எதிர்வினை 200 மில்லிவிநாடிக்குள். பக்கக் குதிப்பின் மதிப்பெண் 0.1-க்குள். மூன்றையும் உண்மைப் பயனாளர்களின் 75-ஆவது சதமானத்தில் பார்ப்பார்கள், அதாவது நூறு வருகையில் எழுபத்தைந்தாவது இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, 2024 மார்ச்சில் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. லைட்ஹவுஸ் என்ற கூகுளின் சோதனைக் கருவியில் பச்சையில் 98 வந்தது என்று படம் பிடித்து அனுப்புவதில் பொருளில்லை, அது இந்த லேப்டாப்பின் மதிப்பெண். விலை மலிவான ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து வெயிலில் காணாமல் போவதும் அப்போதுதான் தெரியும். பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும்.

எடை தின்பவை வரைபடமும் யூடியூப்பும் சாட் பெட்டியும். வரைபடம் சாதாரணப் படமாகி, தொட்டால் மேப்ஸ் திறக்கும். வீடியோவுக்கு முகப்புப் படம் மட்டும், தொட்டபின்தான் பிளேயர் வரும். சாட் பெட்டிக்கு ஆபீஸில் பதில் சொல்ல ஆளில்லை, எடுத்தாயிற்று.

ஜூன் 16, திங்கள்

கம்பெனிப் பெயர், முகவரி, போன், வேலை நேரம் நான்கும் தளத்திலும் கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் ஒன்றுபோல. தளத்தில் "அவினாசி ரோடு", அங்கே "அவிநாசி சாலை" என்றிருந்தது. ஒன்றாக்கியாயிற்று.

ஜூன் 18, புதன்

நாளை தளத்தைப் புது சர்வருக்கு மாற்றுகிறோம். டொமைன் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் (பழைய பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 3600-லிருந்து 300 ஆகக் குறைத்தது நேற்றே. மாற்றும் நாளில் குறைத்தால், பழைய ஒரு மணி நேரத்தை எப்படியும் காத்துத்தான் ஆக வேண்டும்.

புது ஹோஸ்டிங்காரர் (தளத்துக்கு சர்வர் தருபவர்) நேம்சர்வரை, அதாவது டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் சர்வரை, மாற்றச் சொல்கிறார். மாற்றினால் மெயிலுக்கான எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகள் எல்லாவற்றையும் அங்கே மறுபடி எழுத வேண்டும். ஒன்றை மறந்தால் கம்பெனி மெயில் நிற்கும். தளம் புதிதாக ஜொலிக்கும், பர்ச்சேஸ் ஆர்டர் வராது. அதனால் நேம்சர்வரைத் தொடாமல், தளத்தின் சர்வர் முகவரியைச் சொல்லும் ஏ பதிவை மட்டும் மாற்றப் போகிறோம்.

ஜூன் 19, வியாழன்

மாற்றியபின் ஆபீஸ் பிராட்பேண்டில் புதுத் தளம், போன் டேட்டாவில் பழைய தளம். கேஷ் (சேமித்து வைத்த பழைய பிரதி) என்று சொல்லிக் காத்திருந்தால் நாளெல்லாம் காத்திருக்கலாம். ஏ பதிவு மாறியது, ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரிக்கான குவாட் ஏ பதிவு பழைய சர்வரின் முகவரியிலேயே இருந்தது. மொபைல் நெட்வொர்க்கில் போன் முதலில் ஐபிவி6-ஐத்தான் நாடும். புது சர்வருக்கு ஐபிவி6 இல்லாததால் அந்தப் பதிவை நீக்கியதும், டிடிஎல் கழிந்து சரியானது.

சோதனைத் தளத்தில் வைத்த நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற குறி) நீக்கப்பட்டதா என்று பக்க மூலத்திலும், பக்கத்தோடு சர்வர் அனுப்பும் ஹெட்டரிலும் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். பழைய முகவரிகள் ஒவ்வொன்றும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301, அதாவது நிரந்தரத் திருப்பம். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அவற்றைக் காணாத பக்கமாகவே கணக்கில் வைக்கும். கடைசி நேரத்தில் ஞாபகம் வந்தது: அட்டைப்பெட்டியிலும் கையேட்டிலும் அச்சான க்யூஆர் பழைய பிடிஎஃப் முகவரிக்குப் போகிறது. கிடங்கில் அந்தப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் திருப்பத்தை எப்போதும் எடுக்கக் கூடாது என்று கோப்பிலேயே குறிப்பு எழுதியாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

படிவம் "நன்றி" என்கிறது, மெயில் வரவில்லை. படிவம் நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டு நம் சர்வர் அனுப்பியிருக்கிறது. பெறும் பக்கம் அதைப் போலி என்று எடுத்துக்கொண்டதில் தப்பில்லை. அனுப்புநர் நம் டொமைன் முகவரி, பதில் செல்லும் முகவரி வாடிக்கையாளருடையது, அதுதான் முறை. கூடவே இன்னொரு பிழை: எஸ்பிஎஃப் பதிவு (நம் டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) இரண்டு இருந்தது, மெயில் சேவைக்கு ஒன்று, ஹோஸ்டிங்குக்கு ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்தாயிற்று, உள்ளே டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டாமல். படிவத் தகவல் இனி டேட்டாபேஸிலும் ஒரு பிரதி பதியும்.

ஜூன் 24, செவ்வாய்

உதிரிபாகங்களுக்கு ஆன்லைன் பணம். யுபிஐயில் பணம் கட்டியவர் பிரவுசருக்குத் திரும்பி வருவார் என்று நம்பி ஆர்டர் பதிவு செய்யக் கூடாது. கட்டியதும் போனைப் பையில் போட்டுக்கொள்வார். பணத்தை வாங்கிக் கொடுக்கும் கேட்வே நம் சர்வருக்கு நேரே அனுப்பும் வெப்ஹுக் செய்தியை வைத்துத்தான் ஆர்டர் உறுதியாக வேண்டும். அது கேட்வே அனுப்பியதுதானா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். அதே செய்தி இரண்டு முறை வரலாம், ஆர்டர் எண்ணை வைத்து இரண்டாவதைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பெல்ட்டுக்கு இரண்டு பார்சல் போகும். பல கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் கேட்கும், 250 ரூபாய்க்கு 25000.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆபீஸில் அந்த ஆள் யார் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூன் 30, திங்கள்

தளத்தின் தேடல் பெட்டியில் என்ன தட்டுகிறார்கள் என்ற பதிவைப் பார்த்தோம். மாடல் பெயரைத் தட்டுபவர் குறைவு. "பழைய கிரைண்டர் பெல்ட்", "பச்சை கலர் கிரைண்டர் பெல்ட்" என்று தட்டுகிறார்கள். வீட்டில் பத்து வருஷமாக ஓடும் மெஷினின் மாடல் எண் யாருக்கும் தெரியாது. உதிரிபாகப் பக்கத்தின் தலையிலிருந்த மாடல் தேர்வுப் பெட்டியைக் கீழே இறக்கினோம். அந்த இடத்தில் இரண்டு படம்: கிரைண்டரைச் சாய்த்தால் அடியில் லேபிள் எங்கே இருக்கும், அதில் எந்த வரி மாடல் எண். கீழே ஒரு வரி: "லேபிள் அழிந்திருந்தால் பெல்ட்டைக் கழற்றி, அதன் மேல் உள்ள எண்ணைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்."