வீட்டுக் காப்பக உரிமத்துக்காக நான் முடித்த பயிற்சிகள்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் எங்கள் வீட்டிலேயே சிறிய குழந்தைகள் காப்பகம் தொடங்க உரிமம் கேட்டு விண்ணப்பித்தபோது, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய எனக்குப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்றே நினைத்தேன். கைரேகைப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் தடுப்பூசி போட்டதற்கான சான்றுகள் எல்லாம் விரைவில் முடிந்தன. பயிற்சிகளை முடிக்கத்தான் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன. அதில் ஒரு மாதம் என் அவசரத்தால் வீணானது.

மாநில விதிப்படி மொத்தம் 16 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் ஒரு பாதி குழந்தைகளுக்கான முதலுதவியும், இதயமோ மூச்சோ நின்றுபோனால் மார்பை அழுத்தி மூச்சு ஊதும் சி.பி.ஆரும்; மறு பாதி நோய்த் தடுப்பு, பாதுகாப்பு, ஊட்டச்சத்து ஆகியவை பற்றியது. 2020 ஜூலை முதல் ஈய நச்சைத் தடுப்பது பற்றிய பாடமும் அதில் சேர்ந்திருக்கிறது. மலிவாகக் கிடைத்த ஓர் இணையதளத்தில் பணம் கட்டி, இரண்டே மணி நேரத்தில் சி.பி.ஆர். சான்றிதழை அச்சிட்டு அனுப்பினேன். அது செல்லாது என்று பதில் வந்தது. சி.பி.ஆரையும் முதலுதவியையும் பயிற்றுநர் முன்னிலையில் கையால் செய்து காட்ட வேண்டும். வகுப்பும் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது அமெரிக்க இதயச் சங்கத்துடையதாகவோ, மாநில அவசர மருத்துவச் சேவை ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதாகவோ இருக்க வேண்டும். அந்த இணையதளம் இதை எங்கும் தெரிவிக்கவில்லை. பணம் கட்டுமுன் அங்கீகாரம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

விதி சரியானது என்பதை நேரடி வகுப்பில்தான் உணர்ந்தேன். கைக்குழந்தையின் மார்பை ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதைக் காணொளியில் பார்த்து மனப்பாடமாகவே வைத்திருந்தேன். ஆனால் பொம்மையின் மீது கை வைத்ததும், குழந்தைக்கு வலிக்குமே என்ற பழக்கத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தேன். போதிய ஆழம் வருவதற்கு நான்கு முறை முயல வேண்டியிருந்தது.

இணையவழிப் பாடங்களில் என்னை அதிகம் உலுக்கியது குழந்தைகளின் உறக்கம் பற்றிய பகுதி. தூளியில் உறங்கி வளர்ந்தவள் நான். என் பிள்ளைகளையும் தூளியில் இட்டுத்தான் தாலாட்டினேன். இங்கோ, தொட்டிலில் உறுதியான, தட்டையான மெத்தையும் இறுக்கமாகப் பொருந்திய விரிப்பும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தலையணையும் போர்வையும் கூடாது. துணியால் சுற்றிப் படுக்கவைப்பதும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை அருகில் சென்று, மூச்சுத் திணறலோ உடல் சூடோ தோல் சிவப்போ இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைக்கும்படி அமெரிக்காவில் 1990களில் பெற்றோருக்கு அறிவுறுத்தத் தொடங்கிய பின், உறக்கத்தில் குழந்தைகள் திடீரென இறப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உரிமம் கிடைத்த பின் சேர்ந்த முதல் குழந்தையின் பாட்டி, தலை உருண்டையாக வருவதற்காகக் கடுகுத் தலையணை ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்தார். "நீயும் தமிழ்ப் பொண்ணுதானேம்மா, உனக்குத் தெரியாததா?" என்று கேட்டார். "தெரியும்மா, என் பிள்ளைகளுக்கும் வச்சிருந்தேன். ஆனா இங்க வைக்கக் கூடாதும்மா" என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினேன். மாலையில், பேரக்குழந்தையின் உறக்கத்தை நான் குறித்துவைத்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்துவிட்டு, தலையணையைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும், கடையில் வாங்கும் சில கண்மைகளில் ஈயம் கலந்திருக்கிறது என்பதையும் அவரிடம் சொன்னேன். நம் வீடுகளுக்கு இவ்விரண்டும் அவசியம் போய்ச் சேர வேண்டிய செய்திகள்.

குழந்தை வதை பற்றிப் புகார் அளிக்கும் கடமையைக் கற்பிக்கும் பயிற்சியை மாநிலமே இலவசமாகத் தருகிறது. பொதுப் பகுதி, காப்பகப் பணியாளர்களுக்கான பகுதி என இரண்டையும் முடிக்க வேண்டும். நியாயமான சந்தேகம் எழுந்தாலே உடனடியாகத் தொலைபேசியில் தெரிவித்து, 36 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும். உண்மையா என்று துருவி விசாரிப்பது நம் வேலையில்லை. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது எளிதாக இருக்கவில்லை. தெரிந்த குடும்பமாக இருந்தால் என்ன செய்வேன் என்று பல நாள் யோசித்தேன். அழைக்க வேண்டிய எண்ணை இப்போது என் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன்.

நோய்த் தடுப்புப் பயிற்சி ஒரு முறை போதும். முதலுதவி, சி.பி.ஆர்., புகார்ப் பயிற்சி ஆகியவற்றை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். என்னுடையவை வரும் மார்ச்சில் முடிகின்றன. பொம்மையை வைத்துச் செய்யும் வகுப்புக்கு இப்போதே இடம் பதிந்துவிட்டேன்.